ஆறு மாதம் ஒரு ஹெல்த் கோச்சுடன்: என் அனுபவம்

ஆறு மாதத்தில் 14 அமர்வுகள். முதல் அமர்வு ஒன்றேகால் மணி நேரம், மற்றவை 40 நிமிடம். முதல் மாதம் வாராவாரம், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. எல்லாமே வீடியோ அழைப்பில். நடுவில் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் செய்தி அனுப்பலாம், வேலை நாள் என்றால் மறுநாளைக்குள் பதில் வந்துவிடும். நான் எடுத்துக்கொண்ட சேவை இவ்வளவுதான். ஹெல்த் கோச் என்பவர் என்ன செய்வார் என்று சேரும்போது எனக்கே சரியாகத் தெரியாது. டயட் சார்ட் கொடுப்பார், எடையைக் கேட்பார், உற்சாகமாக நாலு வார்த்தை பேசுவார் என்று நினைத்துத்தான் பணம் கட்டினேன். அவர் டயட் சார்ட் கொடுக்கவே இல்லை. எடையையும் அவராக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எனக்கு வயது 53. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். எச்பிஏ1சி 6.2 என்று வந்திருந்தது. கடந்த மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டும் சோதனை அது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 81 வயது அம்மா என்னோடு இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான்.

டாக்டர் கொடுத்த அறிவுரைத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் மூன்று வருடமாக ஒட்டியிருந்தது. தினமும் நடக்க வேண்டும், இரவு சீக்கிரம் சாப்பிட வேண்டும், ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தெரியாமல் நான் கெட்டுப்போகவில்லை. தெரிந்ததை எந்த நாளில், எந்த மணி நேரத்தில் நுழைப்பது என்பதுதான் பிடிபடவில்லை. டாக்டருக்கு என்னோடு அதை உட்கார்ந்து பேச நேரமில்லை, அது அவர் குற்றமும் இல்லை.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் இரண்டு வாரம் இருந்தேன். அவர்களும் தங்களை ஹெல்த் கோச் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். முதல் அழைப்பில் 40 நிமிடத்தில் 35 நிமிடம் அவரே பேசினார். அழைப்பு முடியும் முன்னே ஏழு நாளைக்கான சார்ட் வந்துவிட்டது, கூடவே மூன்று டப்பா பவுடர் வாங்கச் சொல்லி ஒரு லிங்க். மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். ஒரு புதன்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல், சார்ட்படி எதுவும் செய்ய முடியவில்லை என்று சொன்னதற்கு, "உங்களுக்கு மன உறுதி போதலை" என்று பதில். அன்றோடு விட்டுவிட்டேன். இந்த விமர்சனத்தை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அந்தப் புதன்கிழமையும் ஒரு காரணம். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான், செய்த வேலைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, இவருடைய முதல் அமர்வுக்கு வருகிறேன். முதலில், தான் எதையெல்லாம் செய்ய மாட்டேன் என்று சொன்னார். நோய் இன்னதென்று கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார், மாத்திரையில் தலையிட மாட்டார், நான் பேசுவதை என் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டார். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அதற்கு விலக்கு. அதைச் சொல்லி முடித்துவிட்டு, "நேத்து காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன நடந்ததுன்னு சொல்றீங்களா மேடம்? அவசரமே இல்ல" என்றார்.

உடம்பைப் பற்றிப் பேச வந்த எனக்கு அது என்னவோ போல் இருந்தது. இருந்தாலும் சொன்னேன். மாலை ஏழரைக்கு வீட்டுக்கு வருவேன். எட்டு மணிக்கு அம்மாவுக்குச் சாப்பாடு, அப்புறம் மாத்திரை, அவரைப் படுக்க வைப்பது, பாத்திரம், மறுநாளைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது. நான் சாப்பிடும்போது மணி பத்து ஆகியிருக்கும், அதுவும் சமையல் மேடை ஓரத்தில் நின்றுகொண்டே. பிறகு போன். தூங்கப் பன்னிரண்டு.

அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும், சொன்னதையெல்லாம் சுருக்கி எனக்கே திருப்பிச் சொன்னார். கடைசியில், "ஏழரையில இருந்து பத்து வரைக்கும் நீங்க உட்காரவே இல்ல போலிருக்கே" என்றார்.

ஆமாம் என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மேசை மேல் கிடந்த பில்லை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். அரை நிமிடம் இருக்கும். வீடியோ அழைப்பில் அரை நிமிடம் என்பது மிக நீளம், பெரும்பாலானவர்கள் "கேக்குதா?" என்று கேட்டுவிடுவார்கள். இவர் கேட்கவில்லை.

பிறகு, "அந்தப் பத்து மணிச் சாப்பாட்டைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

"தப்புன்னு தெரியும்" என்றேன்.

"தப்பா சரியான்னு கேக்கல மேடம். அந்த நேரம் உங்களுக்கு எப்படி இருக்கு?"

"தனியா இருக்கு" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. சர்க்கரை, எடை, ரத்த அழுத்தம் என்று மூன்று வருடம் டாக்டரிடம் பேசியதில் அந்த வார்த்தைக்கு இடம் வந்ததே இல்லை.

அன்று அவர் எந்த யோசனையும் சொல்லவில்லை. அமர்வு முடிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பணம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்த மாதிரி. முதல் இரண்டு அமர்வும் பலருக்கு இப்படித்தான் தோன்றும் என்று நினைக்கிறேன், அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன். மூன்றாவது அமர்வு வரை பொறுக்க வேண்டும்.

அந்த மூன்றாவது அமர்வில், "அந்த ரெண்டரை மணி நேரத்துல ஏதாவது ஒண்ணை இடம் மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?" என்று கேட்டார். எதையும் மாற்ற முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லிக்கொண்டே வரும்போது பட்டென்று தோன்றியது: அம்மா சாப்பிடும்போதே நானும் சாப்பிட்டால்? அம்மாவுக்குச் சாப்பாடு கொடுப்பதை இத்தனை வருடம் முடிக்க வேண்டிய ஒரு வேலையாக மட்டுமே பார்த்திருக்கிறேன். இன்னொரு தட்டு எடுத்து எதிரே உட்காரலாம் என்று தோன்றவே இல்லை. இதை அவர் முதல் நாளே யூகித்திருப்பார் என்று இப்போது படுகிறது. ஆனால் அவர் சொல்லியிருந்தால், "அதெல்லாம் நடக்காதுங்க, அம்மாவைக் கவனிக்கணும்" என்று நானே மறுத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

முதல் நாள் தட்டோடு எதிரே உட்கார்ந்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்னடி, இன்னிக்கு உட்கார்ந்துட்ட?" என்றார். அவர் சாப்பிட அரை மணி நேரம் ஆகும். நானும் அரை மணி நேரம் சாப்பிட்டேன்.

ஆனால் யோசனை வந்துவிட்டால் மட்டும் போதுமா? அதை நிலைக்க வைப்பதில்தான் இவருடைய திறமையைப் பார்த்தேன். "வாரத்துல அஞ்சு நாள் இப்படிச் சாப்பிட முடியும்னு 0ல இருந்து 10க்குள்ள எவ்வளவு நம்பிக்கை இருக்கு?" என்றார். ஆறு என்றேன். ஏன் பத்து இல்லை என்று கேட்பார் என்று காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டது, "ஏன் மூணு சொல்லாம ஆறு சொன்னீங்க?" அதற்குப் பதில் சொல்லப்போய், இது என்னால் ஏன் முடியும் என்று நானே வரிசையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே அந்த நேரத்தில் சாப்பாட்டு மேசையில்தான் நிற்கிறேன், சாப்பாடும் தயாராகத்தான் இருக்கிறது, பாத்திரம் கழுவுவது அரை மணி நேரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது. பிறகு, "ஆறை ஏழாக்க என்ன வேணும்?" என்றார். ஐந்து நாளை நான்காகக் குறைத்தால் ஏழு என்றேன். "அப்ப நாலு நாள்" என்று உடனே எழுதிக்கொண்டார். ஏழுக்குக் கீழே இருந்தால் ஆளைக் குறை சொல்லாமல் திட்டத்தைச் சின்னதாக்குவது அவர் வழக்கம். இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் அவரை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

இன்னொன்றும் சொன்னார். "சீக்கிரம் சாப்பிடுவேன்" என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட, எது நடந்தவுடன் எதைச் செய்வேன் என்று முடிச்சுப் போட்டுவிட்டால் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகமாம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை அந்தத் துறையில் மிகவும் பேசப்பட்ட ஒன்று. என் முடிச்சு இது: "அம்மாவின் தட்டை மேசையில் வைத்தவுடன் என் தட்டையும் வைப்பேன்." அதைக் கைப்பட எழுதி, பழைய அறிவுரைத் தாளைக் கிழித்துவிட்டு அதன் இடத்தில் ஒட்டினேன்.

நான்காவது வாரத்தில் நடையும் சேர்ந்தது. சாப்பிட்டதும் தாழ்வாரத்தில் பத்து நிமிடம். சாப்பிட்ட பின் நடந்தால் தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும், அதனால் ஏற்றம் கொஞ்சம் மட்டுப்படும். இதைச் சொல்வதற்கு முன்னால் கூட, "இதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார். கேட்டுவிட்டுச் சொன்ன தகவல் மனதில் தங்குகிறது.

இவர் பேசும் முறைக்கு ஏதாவது பெயர் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். ஊக்கமூட்டும் உரையாடல் என்று ஒரு முறை இருக்கிறதாம். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு வேலை செய்தபோது உருவானது. 1983ல் அதைப் பற்றி முதல் கட்டுரை எழுதினார், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கினார். ஒருவரை மாறச் சொல்லி நாம் வாதாடினால், அவர் மாறாமல் இருப்பதற்கான வாதத்தை எடுப்பார். மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல விட்டால், தான் சொன்னதை அவரே கேட்டுக்கொள்வார். கேட்டபோது, என் அண்ணன் மகனிடம் புகைப்பதை விடச் சொல்லி நான் வாதாடிய அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் ஞாபகத்துக்கு வந்தன.

ஐந்தாவது அமர்வில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் அன்றைய பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டார். எத்தனை நாளாக, விழுந்தீர்களா, நெஞ்சில் வலி உண்டா என்று கேட்டார். "மேடம், இது என் எல்லைக்குள்ள வராது. இன்னிக்கே டாக்டர்கிட்ட பேசுங்க. இந்த அமர்வை நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார். மாத்திரையை ஒருநாள் விட்டுப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, அதையும் டாக்டரிடமே கேட்கச் சொன்னார். அன்று மாலையே டாக்டர் பார்த்து, ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். மூன்று நாளில் தலைசுற்றல் நின்றது. தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் தன் எல்லையில் நின்றுகொண்டார், அதனால்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. "மேடம் வேண்டாம், அக்கான்னு கூப்பிடுங்க" என்று நான் சொன்னதும் அதற்கு அடுத்த அமர்வில்தான்.

நான்காவது மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை, 19 நாள் மருத்துவமனை. நேரத்துக்குச் சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் போயிற்று. வரவேண்டிய அமர்வுக்கும் போகவில்லை. இருபதாவது நாள், "எல்லாத்தையும் விட்டுட்டேன். இனிமே தொடர்ந்து பிரயோஜனம் இல்ல. நிறுத்திக்கலாம்" என்று செய்தி அனுப்பினேன். பழைய இடத்தில் கேட்ட "மன உறுதி போதலை" என்ற சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

பதில் வந்தது: "அம்மா எப்படி இருக்காங்க அக்கா? நீங்க சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். மறுநாள் கேட்டார், இருபது நிமிடம் சும்மா பேசலாமா என்று.

அந்த இருபது நிமிடத்தில், மருத்துவமனையில் இருந்தபோது என்னவெல்லாம் செய்தேன் என்று கேட்டார். ஒன்றுமே செய்யவில்லை என்றேன். "ஆஸ்பத்திரியில எத்தனாவது மாடி?" மூன்றாவது. "லிஃப்ட்லயா போனீங்க?" யோசித்துப் பார்த்தேன். லிஃப்டுக்குக் கூட்டம் என்பதால் படியில்தான் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அம்மாவுக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு கொடுத்தபோது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டிருக்கிறேன். தட்டை வைத்ததும் தட்டை வைப்பது என்ற முடிச்சு அங்கேயும் வேலை செய்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை, நடந்ததை எடுத்துக் காட்டினார். எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நடந்த ஒரு ஆய்வையும் அப்போது சொன்னார். பிலிப்பா லாலியும் அவரோடு வேலை செய்தவர்களும் 96 பேரை, ஆளுக்கு ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். முடிவு 2009ல் வெளியானது. பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: இடையில் ஒருநாள் தவறிப்போவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற கணக்குதான் எனக்குத் தெரியும். 22ஆவது நாள் வரவில்லை என்றால் நான் தோற்றுவிட்டேன் என்று இருபது வயதிலிருந்து நம்பியிருக்கிறேன். தவறியது ஒருநாள் இல்லையே, 19 நாளாயிற்றே என்றேன். "ஆமாக்கா, அதனால மறுபடி நாலு நாள்ல இருந்து ஆரம்பிக்கணுமா, ரெண்டு நாள்ல இருந்தான்னு நீங்க சொல்லுங்க" என்றார். இரண்டு நாள் என்றேன்.

இப்படிப் பேசிப் பேசி உடம்பு மாறுமா என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு நான் சொன்னது அமெரிக்காவில் நடந்த சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வைப் பற்றி. 2002ல் முடிவு வெளியானது. என்னைப் போல சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 3,234 பேர். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, மூன்றாவது பிரிவுக்கு வாழ்க்கைமுறை மாற்றம். மூன்றாவது பிரிவில் ஒவ்வொருவரோடும் ஒரு வழிகாட்டி தனியாக உட்கார்ந்து, முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள் நடத்தினார். இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற உடலசைவு. வெறும் மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், சர்க்கரை நோய் வருவது மெட்ஃபார்மின் பிரிவில் 31 சதவீதம் குறைந்தது, வழிகாட்டியோடு வாழ்க்கைமுறையை மாற்றியவர்களிடம் 58 சதவீதம் குறைந்தது. வெறும் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம், அந்த வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் பாடத்திட்டமும் பின்னால் ஒரு மருத்துவக் குழுவும் இருந்தன. கோச் என்று பலகை மாட்டியவர்கள் எல்லாரும் இந்த 58ஐச் சொந்தம் கொண்டாட முடியாது.

குறைகளுக்கு வருகிறேன். இந்தச் சேவையோடு ஒரு ஆப் வருகிறது. நடந்தால் புள்ளி, தண்ணீர் குடித்தால் பதக்கம். அம்மா மருத்துவமனையில் இருந்தபோது, "உங்கள் தொடர்ச்சி அறுந்துவிட்டது!" என்று தினமும் காலையில் அது செய்தி அனுப்பியது. கோச் இவ்வளவு பக்குவமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் வேலையை அந்த ஆப் கெடுக்கிறது. அதை அணைக்கும் வழியையும் எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. நிர்வாகத்துக்கு எழுதினேன், பார்ப்பதாகச் சொன்னார்கள், இன்னும் மாறவில்லை.

ஐந்தாவது மாதம் என் கோச் விடுப்பில் போனபோது மாற்றாக ஒருவர் வந்தார். என் குறிப்புகளைப் படிக்காமல் வந்திருந்தார். அம்மாவின் அறுவை சிகிச்சையை நான் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி கேட்டுவிட்டு, பதில் முடியும் முன்னே யோசனையும் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஆனால் இந்த வேலையில் அவசரம் பெரிய குறை. யார் கோச்சாகக் கிடைக்கிறார் என்பதைப் பொறுத்தே எல்லாம் என்று அன்று புரிந்தது. ஆள் மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நமக்கு இருக்க வேண்டும்.

தூக்கத்தில் எனக்குப் பெரிய முன்னேற்றம் இல்லை. ஐந்தரை மணி நேரம் ஆறேகால் ஆகியிருக்கிறது. போனை வேறு அறையில் வைப்பது என்று நானே எடுத்த முடிவு, அம்மா விழுந்த பிறகு முடியாமல் போயிற்று. இரவில் அவர் கூப்பிட்டாலோ, யாராவது அழைத்தாலோ என்ற பயம். இதற்கு இவரிடமும் பதில் இல்லை, இல்லை என்று நேராகவே சொன்னார். பராமரிப்பவர்களுக்கான உதவிக் குழு ஒன்றில் சேர வழி சொன்னார். போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆறு மாத முடிவில் எச்பிஏ1சி 5.9. எடை 76 கிலோவிலிருந்து 72. அந்த ஆய்வின் 7 சதவீதக் கணக்குப்படி இன்னும் ஒன்றே கால் கிலோ போல இருக்கிறது. நடை வாரத்துக்கு 110, 120 நிமிடம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன குறைந்தபட்ச அளவான 150ஐ இன்னும் தொடவில்லை. இதெல்லாம் கோச்சால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையைச் சரிசெய்த டாக்டரும் அதில் இருக்கிறார், எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடும் அம்மாவும் இருக்கிறார். ஆனால் ஆறு மாதம் முன்பு இதில் ஒன்றுகூட இடத்தில் இல்லை.

யாருக்கு இது பயன்படும்? என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும், தன் நாளுக்குள் அதைப் பொருத்த முடியாமல் இருப்பவர்களுக்கு. மனச்சோர்வு ஆழமாக இருப்பவர்கள், சாப்பிடும் பழக்கமே நோயாகிவிட்டவர்கள், புதிதாக ஏதாவது வலி வந்தவர்கள் முதலில் டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ போக வேண்டும். நல்ல கோச் அதை அவரே சொல்லிவிடுவார். என்ன சாப்பிட வேண்டும் என்று யாராவது தெளிவாக எழுதிக் கொடுத்தால் போதும் என்பவருக்கும் இது சரிப்படாது. அவருக்குத் தேவை பதிவுபெற்ற உணவியல் நிபுணர்.

சேரும் முன் எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று கேளுங்கள். இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலைதான் பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் 2017 முதல் இதற்கென்று தேசிய அளவில் சான்றிதழ்த் தேர்வு நடக்கிறது. இங்கிலாந்தில் 2020 முதல் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் ஆரம்ப சிகிச்சைக் குழுக்களிலேயே ஹெல்த் அண்ட் வெல்பீயிங் கோச்சுகளைச் சேர்த்திருக்கிறார்கள். அப்புறம், அவர் ஏதாவது பொருள் விற்கிறாரா என்று பாருங்கள். விற்றால் நான் சேர மாட்டேன். முதல் அழைப்பில் யார் அதிக நேரம் பேசினார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். என் முதல் அமர்வில் 75 நிமிடத்தில் அவர் பேசியது 15 நிமிடம்கூட இருக்காது.

கடைசி அமர்வில், "பழையபடி ஆகறீங்கன்னா அது உங்களுக்கு முதல்ல எதுல தெரியும்?" என்று கேட்டார். சர்க்கரை ஏறுவதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தால் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு, அதை வேறு யார் கவனிப்பார்கள் என்றார். அம்மா என்றேன். அன்று இரவு அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தேன். இப்போது நான் தண்ணீர் எடுக்க எழுந்தால்கூட, "எங்க போற, உட்காரு" என்கிறார். அடுத்த அமர்வு மூன்று மாதம் கழித்து, தேதி வாங்கிவிட்டேன்.